ஐப்பசியில் பொங்கிய பொங்கல்

மாலை மணலில் வெறுங்காலை வைத்தால் மேலே குளிர்ந்திருக்கும். விரல்களைச் சற்றே உள்ளே நுழைத்தால் பகலின் சூடு அடியில் அப்படியே இருக்கும். ஓமான் பாலைவனத்தில் இலையுதிர்காலம் வந்துவிட்டதை நான் காலால்தான் அறிந்துகொண்டேன். உதிர்வதற்கு அங்கே இலை ஏது? நாங்கள் போய் இறங்கும் நாளில் அப்பா, கோடை முழுவதும் இரைந்துகொண்டிருந்த ஏசியை நிறுத்தி, யன்னல்களையெல்லாம் திறந்து, கூரை மேலிருக்கும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாய்நீருக்குக் கீழே கையை நீட்டிப் பார்ப்பார். அது சுடவில்லையென்றால், "காத்து மாறியிட்டுது" என்று, தானே மாற்றி வைத்தவர் போலப் பெருமையாக அறிவிப்பார்.

அது எண்பதுகளின் கடைசி. அம்மாவும் நானும் தம்பியும் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அப்பா அந்தப் பாலைவனத்து நீரேற்று நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு லண்டனில் வந்து இருக்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தும் அவர் வரவில்லை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவருடைய தம்பி தங்கைகளை ஒவ்வொருவராக வெளியே எடுக்க அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. வருட லீவும் கொழும்பில் யாரையாவது விமானம் ஏற்றிவிடுவதிலேயே கரைந்துபோனது. "இன்னும் ஒரு வருசம்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லுவார். ஆகவே ஒக்டோபரில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை மூடும்போது நாங்கள் அவரிடம் பறந்து போனோம். நாங்கள் நாலு பேரும் ஒரு குடும்பமாக இருந்தது அந்த ஒரு கிழமைதான்.

அந்த ஒரு கிழமைக்குள் ஒரு வருடத்தையே அடக்கிக் காட்டியவள் அம்மா. அவளைப் போல ஒரு நிர்வாகியை இன்றுவரை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. பங்குனியில் பிறந்த எனக்கு ஐப்பசியில் கேக் வெட்டினாள். மறுநாள் தம்பிக்கு. அடுத்த நாள் சித்திரை வருசப்பிறப்பென்று எங்களை விடியற்காலையிலேயே குளிக்கவார்த்து, அப்பாவின் கையால் "கைவிசேஷம்" என்று புதுக் காசு வாங்க வைத்தாள். தீபாவளி மட்டும் சில வருடங்களில் தன் சொந்த நாளிலேயே வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் வேண்டிய பச்சையரிசி, சர்க்கரை, பயறு, மெழுகுதிரி, பத்திரிகைத் தாளில் சுற்றிய வாழையிலை எல்லாம் தோர்ண்டன் ஹீத் கடையிலிருந்து அவளுடைய பெட்டியில் வந்தன. எங்கள் உடுப்புகளுக்குக் கிடைத்தது மூலை இடம்தான். விடுமுறையில் என்ன செய்தாய் என்று லண்டனில் ரீச்சர் கேட்டபோது, பிறந்தநாளும் புதுவருடமும் கொண்டாடினோம் என்று நான் உண்மையைச் சொல்லி, பொய்க்காரி என்று பெயர் வாங்கினேன்.

கடைசி நாள் பொங்கல். அப்பா வாசல் மணலுக்குத் தண்ணீர் தெளித்து, மூன்று கல் வைத்து, கிழக்கே பார்த்துப் பானையை ஏற்றுவார். "ஐப்பசியிலை பொங்கினா சூரியன் கோவிக்காதோ?" என்று ஒருமுறை அம்மாவைச் சீண்டினார். "சூரியனோடை நான் கதைச்சிட்டன். நீங்கள் அடுப்பைப் பாருங்கோ" என்றாள் அம்மா. பக்கத்து அறைகளில் இருந்த லொறிச் சாரதிமார் தங்கள் கயிற்றுக் கட்டில்களை வெளியே போட்டு உட்கார்ந்தபடி, பால் பொங்கி வழியும்போது எங்களோடு சேர்ந்து கைதட்டினார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம், அப்பாவின் கடைசித் தம்பியும் கனடா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அப்பா எங்களோடு வந்துவிடுவார் என்று நானும் தம்பியும் விமானத்தில் முழு நேரமும் பேசிக்கொண்டு போனோம். ஆனால் சாப்பிடும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "லண்டனிலை ஒரு வீடு வாங்கிறதெண்டா இன்னும் ஒரு வருசம் நிக்கத்தான் வேணும்." அம்மா அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

கடைசி நாள் காலை அப்பா வழக்கம்போல மூன்று கல்லை வைத்து, விறகை அடுக்கிவிட்டுக் கூப்பிட்டார்: "இஞ்சேரும், அரிசியைக் கொண்டு வாரும்."

அம்மா வாசலில் வந்து நின்றாள். "அரிசி கொண்டு வரேல்லை. பொங்கல் தையிலைதானே வரும்? இந்த முறை தையிலையே பொங்குவம்."

அவ்வளவுதான். உள்ளே போய் எங்கள் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அப்பா எரியாத அடுப்பின் முன்னால் நெடுநேரம் குந்திக்கொண்டிருந்தார். எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம் வந்தது. அப்பாவுக்கு அந்த வருடம் பொங்கலே இல்லையே என்று அழுதேன். அப்பா என்னைத் தேற்றவில்லை. கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்.

தை பிறப்பதற்கு முதல் நாள், அப்பா பாலைவனத்து மெல்லிய பருத்திச் சேட்டோடு லண்டனில் வந்து இறங்கினார். மறுநாள் தோர்ண்டன் ஹீத் வீட்டுப் பின்வளவில், தூறலில், பானைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சூரியன் கடைசிவரை முகம் காட்டவில்லை. பால் பொங்கியபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது.

அதன்பின் எல்லா நாட்களும் அதனதன் திகதியிலேயே வந்தன. ஆனால் அந்தத் திகதிகளில் அப்பாவுக்கு ஷிப்ட், அம்மாவுக்கு டியூட்டி, தம்பிக்குப் பள்ளிக்கூடச் சோதனை. ஏழு நாளும் நாலு பேரும் ஒன்றாக இருந்த ஒரு கிழமை பிறகு எங்களுக்கு வாய்க்கவே இல்லை. இப்போது அம்மாவும் இல்லை.

போன ஐப்பசியில், அந்த வேலையை விட்டுவிட்டு வந்ததற்கு எப்போதாவது கவலைப்பட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். சிரித்தார்.

"கொம்மா என்னை வாங்கோ எண்டு கேட்டிருந்தா, ஏலாதெண்டுதான் சொல்லியிருப்பன் பிள்ளை. அவ கேக்கேல்லையே."