கோப்பியில் கலந்த இரண்டு கரண்டி

புது வருஷம் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, என் வீட்டுக்காரரின் குதிகாலில் இருந்த கட்டை ஆஸ்பத்திரியில் அவிழ்த்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. டாக்டர் அவர் தோளைத் தட்டி, "அதிர்ஷ்டக்காரர்" என்றார். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். காரணம் இருக்கிறது.

அந்தக் காலுக்கு வந்த ஆபத்தில் பெரிய பங்கு என்னுடையது.

தீபாவளிக்கு முன்னால் இதே பக்கத்தில் அதிரசம் செய்யும் பக்குவம் எழுதினேன், நினைவிருக்கிறதா? "அக்கா, அருமை!" என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்! அந்தக் கடிதங்களையெல்லாம் வைத்துக்கொண்டு இதை மறைப்பது நன்றாக இல்லை. சொல்லிவிடுகிறேன்.

என் ஓரகத்தி சரோஜா. என் கொழுந்தனின் மனைவி. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கொழுந்தனுக்கு ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். சரோஜா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளை உடுப்பு, இடுப்பில் பெல்ட், சைக்கிள். என்னைவிட நாலே வயது இளையவள். நாலே நாலு! போன செப்டம்பரில் மார்க்கெட்டில் மீன் விற்கிற சீனப் பெண், அவளைக் காட்டி என்னிடம் மலாயில் கேட்டாள்: "உன் மகளா?"

அன்று வாங்கிய மீனை நான் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் சாலை ஓவர்சியர். முன்பெல்லாம் குருபோங் வரைக்கும் வெயிலில் நடந்தே அளப்பார். மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். வெள்ளைக்கார ஆபீசர் கப்பலேறினார். இவருக்குப் பதவி உயர்வு, பெரிய மேஜை, சுழல் நாற்காலி. நாங்களெல்லாம் மாலை போட்டோம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரே வருஷத்தில் சட்டை எல்லாம் இறுகிப்போய், தாகம், மயக்கம்... டாக்டர் சொன்னார்: இனிப்பு நீர், சர்க்கரை வியாதி.

சரோஜா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். சோறு பாதி. கிழங்கு கிடையாது. கோப்பி கோசோங் – பாலும் இல்லை, சீனியும் இல்லை. காலையில் இரண்டு மைல் நடை. அவள் டூட்டிக்குப் போகும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடப்பாள். கம்போங் செட்டி கோயில் வரைக்கும் பேசிக்கொண்டே போவார்கள். அப்புறம் அவள் ஏறி மிதித்துவிடுவாள். இவர் தெங்கேரா சாலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

தப்பாக நினைக்காதீர்கள். அந்த மாதிரிப் பொறாமை இல்லை. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள், அந்த நாற்காலி வந்ததிலிருந்து "கொஞ்சம் நடங்களேன்" என்று நானும்தான் சொன்னேன். ஒரு நாள் வாசலைத் தாண்டினாரா? அவள் ஒரு தடவை சொன்னாள்... மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்! அதைப் பார்க்கிற மனைவிக்கு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமைதோறும் பரீட்சை நடக்கும். சரோஜா ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொண்டுவருவாள். அந்த மருந்தில் அவருடைய சிறுநீர் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டுவாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் செங்கல் நிறம். செங்கல் வந்தால் ஆபத்து.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு குழாய் ஏறக்குறைய நீலம். சரோஜா கைதட்டினாள். இவர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரோஜா புண்ணியம்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதமும் அவருக்குத் தனிப் பானை வைத்துச் சமைத்தது யார்? பாகற்காயைப் பன்னிரண்டு விதமாகச் செய்து ஊட்டாத குறையாகப் பரிமாறியது யார்? அவர் முன்னால் நான் மட்டும் சாப்பிடக்கூடாது என்று எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கையே வீட்டுக்குள் விடாமல் இருந்தது யார்? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என் பெயர் வரவில்லை.

தீபாவளி வந்தது. வீடு நிறைய ஜனம். ஆபீஸ் மலாய்க்காரர்கள், சீனர்கள், பக்கத்துச் செட்டி வீட்டு நோன்யா அம்மாள், எல்லாரும் என் அதிரசத்தைப் புகழ்கிறார்கள். சரோஜா ஒரு முறுக்கை எடுத்தாள். இரண்டாக உடைத்தாள். பாதியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

"போதும்க்கா."

பாதி முறுக்கு! மூன்று நாள் முதுகு ஒடியப் பிழிந்தவளின் கண் முன்னால்!

சரி, என் புருஷனுக்காவது இன்னொன்று வைப்போம் என்று இரண்டாவது அதிரசத்தை நீட்டினேன். அவர் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒண்ணுதான்னு சரோஜா சொல்லியிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை கோப்பி கலக்கும்போது என் கை தானாக அலமாரிக்குப் போனது. எனக்காக வாங்கி வைத்திருந்த டின் பால், சீனி போட்ட கெட்டிப் பால். ஒரு கரண்டி விட்டேன். கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார்.

"பாக்கியம், இன்னைக்குத்தான் கோப்பி கோப்பியா இருக்கு."

எனக்கு மெடல் குத்தினதுபோல் இருந்தது. அடுத்த நாள் இரண்டு கரண்டி. காலையிலும் விட்டேன், சாயங்காலமும் விட்டேன். குழம்புக்குத் தாளிக்கும்போது நெய். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், சமையலைப் பாராட்டுகிறார்... எத்தனை மாதம் ஆயிற்று அதைக் கேட்டு!

ஞாயிறு வந்தது. குழாய் பச்சை. அடுத்த ஞாயிறு மஞ்சள். அதற்கடுத்த ஞாயிறு ஆரஞ்சு.

சரோஜா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தினீங்களா?"

"என்னையா சந்தேகப்படுறே?" என்றேன். அழுகை வந்துவிட்டது, நிஜமான அழுகை. "அவருக்காக நான் எதையெல்லாம் விட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் பதறிப்போனாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா. கேட்டிருக்கக்கூடாது. மன்னிச்சிருங்க."

நான் பெரிய மனதோடு மன்னித்தேன்.

என் வீட்டுக்காரருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. நடை போதவில்லை என்றார். தெங்கேராவோடு திரும்பியவர் கடலோரமாகக் கிளேபாங் வரைக்கும் போக ஆரம்பித்தார். புது ஷூ குதிகாலைக் கடித்தது. சின்னக் கொப்புளம். யாரிடமும் சொல்லாமல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து சாக்ஸைக் கழற்றியபோது வாடை அடித்தது. கொப்புளம் இருந்த இடத்தில் ஐம்பது காசு அகலத்துக்குக் குழி.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் பாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்."

யோசிக்க வேண்டிவரும் என்றால் என்ன? எனக்குப் புரிந்தது. வார்டில் அவருக்கு எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நான் வீட்டுக்கு வந்து டின் பாலைக் கவிழ்த்துக் கொட்டினேன். அப்போதும் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள். வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா வேகமாக வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அக்கா! பச்சைக்கு வந்துருச்சு! ஆஸ்பத்திரிச் சாப்பாடு நாலே நாள்தான்." அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "இங்க இறங்குது... வீட்டுல மட்டும் ஏன் இறங்கலை?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சந்தேகம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியவில்லை.

"டின் பால்" என்றேன். "கோப்பியில. தினமும். நான்தான் விட்டேன்."

"ஏன்க்கா?"

"அவர் உன் பேச்சைக் கேட்டாரு. அதுக்கு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த சார்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்க்கா" என்றாள். "மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

வார்டுக்குள் போய்விட்டாள். என்னை ஓர் அறை அறைந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே போனேன். அவர் தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பேப்பரை மடித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"டின் பால் விட்டா எனக்குத் தெரியாதா? எனக்கு நாக்கு இல்லையா, லா?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நிறுத்திருவியே!"

எப்படி இருக்கிறது? இந்த மனுஷருக்குச் சரோஜாவிடம் நல்ல பெயரும் வேண்டும், டின் பாலும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் கிளேபாங் வரை நடந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தத் துணிச்சலில், ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன்.

"எல்லாம் சரோஜா புண்ணியம்னு சொன்னீங்களே. பாகற்காய் சமைச்சது யாருங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். எதிர்க் கட்டில்காரரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அதை நான் நினைச்சே பார்க்கலை, பாக்கியம்."

பதில் அவ்வளவுதான். ஆனால் பொய் சொல்லவில்லை.

சரோஜா பத்து நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவரை நன்றாகத்தான் கவனித்தாள். என்னைக் கண்டால் மட்டும் வேறு கட்டிலுக்குப் போய்விடுவாள். அவர் வீடு திரும்பிய மறுநாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு. ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போகத்தான் கை பரபரத்தது... அடக்கிக்கொண்டேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோபம் போயிருச்சா, சரோஜா?"

"போகலைக்கா." ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் மீதித் துணியையும் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "மாமாவுக்குக் கட்டு அவிழ்த்ததும் நீங்களே அவரோட நடங்க. எனக்கு டூட்டி நேரம் மாறுது."

இப்போது ஒரு வாரமாக நடக்கிறோம். மெதுவாக, கோயில் வரை போய்த் திரும்புகிறோம். அவருக்குப் பழைய, தளர்வான ஷூ. எனக்கு மூச்சு வாங்குகிறது. அவர் நின்று நின்று எனக்காகக் காத்திருக்கிறார். வழியில் பேசுகிறோம். என்ன பேசுகிறோம் என்று கேட்காதீர்கள். சாலையில் எங்கே குழி, யார் வீட்டில் புது ரேடியோ... அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு பேசியதில்லை.

நேற்று ஒன்று தெரிந்தது. சரோஜாவின் டூட்டி நேரம் மாறவே இல்லை. சும்மா வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். எனக்கு இடம் விட்டிருக்கிறாள்! பாருங்கள், பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாள். எனக்கு எப்படி இருக்கும்?

பொங்கல் வருகிறது. "பண்டிகை நாளில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி?" என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நடங்கள். அளவாகச் சாப்பிடுங்கள். அதைவிட முக்கியம், அளவாகப் பரிமாறுங்கள். தட்டில் நாம் வைப்பது பலகாரம் மட்டுமா? "என்னைப் பாராட்டு" என்பதையும் சேர்த்தல்லவா வைக்கிறோம்! ஒருவர் "போதும்" என்று கையைக் குறுக்கே வைத்தால், அவர் மறுப்பது அந்த அதிரசத்தை மட்டும்தான். எனக்கு இது புரிய ஒரு குதிகால் புண்ணாக வேண்டியிருந்தது. வீட்டில் யாராவது நல்ல பேச்சுக் கேட்டு இளைத்தால், அவருக்குச் சமைத்துப் போட்டவளையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இது ஆண் வாசகர்களுக்கு.

புது வருஷத்தன்று என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் வீட்டில் டீ. யுரேஷியக் குடும்பம். ரவையும் வெண்ணெயும் போட்டு ஒரு கேக் செய்திருந்தார்கள், வாசலிலேயே மணந்தது. சரோஜாவும் வந்திருந்தாள். வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் ஒரு துண்டின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்தார். எனக்கு அது போதும் என்றே இருந்தது.

சரோஜா மூன்று துண்டு சாப்பிட்டாள். ஆமாம், எண்ணினேன்.