டேப் அடித்தும் வராத வள்ளங்கள்

பேய், மந்திரவாதம், சாமியாடல் எதையும் நான் நம்பியவன் இல்லை. அப்படிப் பேசுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது என்று பொய் சொல்லமாட்டேன், வரும், ஆனாலும் சிரித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பொழியூர்ப் பக்கம் கடற்கரையில் ஒரு மீனவர் சங்க ஆபீசில் பழைய பெட்டி ஒன்று, விண்டோஸ் போட்டால் இழுக்காது என்று நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு வள்ளத்துக்கு, அதாவது ஒரு மீன்பிடிப் படகுக்கு, ஒரு ஃபைல், வள்ளத்தின் பெயர்தான் இங்கிலீஷ் எழுத்தில் ஃபைலுக்கும். மண்ணெண்ணெய் எவ்வளவு கொடுத்தது, யார் யார் அதில் போகிறார்கள், உள்ளே அவ்வளவுதான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத் திறக்க வேண்டும். முழுப் பெயரையும் அடிக்க வேண்டாம், முதல் மூன்று எழுத்தை அடித்து டேப் பொத்தானைத் தட்டினால் மீதியை அதுவே எழுதிவிடும். அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் பீப் என்று கத்தும். வேறு வித்தை கிடையாது.

"சாரே, டேப் அடிச்சா சில நேரம் பேரு வருது, சில நேரம் வரல்ல" என்று அங்கே வேலை பார்த்த பிலோமினா போன் செய்தாள். போய்ப் பார்த்தேன். பட்டியல் கேட்டால் எல்லாப் பெயரும் வரிசையாக நிற்கிறது. முழுப் பெயரையும் கையால் அடித்தால் திறக்கிறது. டேப் அடித்தால் மட்டும் சில பெயருக்கு பீப். மறுநாள் அந்தப் பெயர்கள் வரும், வேறு சில வராது. கீபோர்டை மாற்றினேன், கட்டளையை வாங்குகிற ஷெல் புரோகிராமைத் திரும்பப் போட்டேன், ஃபைல் எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் காப்பி செய்தேன், பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது கிடக்கிறதா என்றுகூடத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் போன். ஒரு பொத்தானுக்காக இத்தனை தடவை பஸ் ஏற வைக்கிறாளே என்று அவளைத் திட்டும் எண்ணத்தோடுதான் அன்று காலை போய் இறங்கினேன்.

அங்கே போனால் திட்டுகிற நிலைமை இல்லை. இரவு காற்று பலமாக அடித்திருக்கிறது. முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டிய மரியதீபம் வள்ளம் வரவில்லை. அதில் பிலோமினாவின் மாப்பிள்ளை, அவளைக் கட்டியவன், இருந்தான். கரையில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் ஆபீசில் வந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள்.

நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அடித்துப் பார்த்து, வராததையெல்லாம் கோபத்தில் சத்தமாகவே சொன்னேன். மண்ணெண்ணெய்க் கேனோடு வாசலில் நின்ற ராயப்பன் என்ற மூத்த மீன்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எலே மக்கா, நீ சொல்லுற வள்ளம் எல்லாம் கடல்ல கெடக்குதாக்கும். இங்க இருந்து கூப்பிட்டா எப்படி வரும்? துடுப்பு தாறேன், போய்க் கூட்டீட்டு வா."

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வாய மூடும் ஓய்" என்றேன்.

ஆரோக்கியமாதா என்ற பெயருக்காக டேப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். பீப், பீப், பீப். வெளியே ஐலசா போட்டு எதையோ மணலில் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் தட்டினேன், முழுப் பெயரும் திரையில் வந்து விழுந்தது. ராயப்பன் வெளியே எட்டிப் பார்த்து, "ஆரோக்கியமாதா கரையேறியாச்சு" என்றார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, திரையையும் அவர் பார்க்கவில்லை.

நம்பினால் நம்புங்கள். அதற்குப் பிறகு அவர் ஜன்னலில் நின்று கரையில் கிடக்கிற வள்ளங்களின் பெயரைச் சொன்னார், நான் அடித்தேன். எல்லாம் வந்தது. கடலில் இருப்பதைச் சொன்னார், எல்லாம் பீப். ஒன்றுகூடத் தப்பவில்லை. சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"தள்ளுங்க சாரே" என்று பிலோமினா வந்தாள். மரியதீபத்துக்கு மூன்று எழுத்து அடித்து டேப்பைத் தட்டினாள். பீப்.

"கடல்லதான் கெடக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "மேலயா சாரே, அடியிலயா? அத இது சொல்லுமா?"

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கரையில் நின்ற பெண்களும் உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு பீப்புக்கும் யாரோ ஒருத்தி மூச்சை இழுத்தாள்.

"போதும் பிலோமினா. இது கேடாகிப் போன மெஷின்" என்றேன்.

"கேடா? இவ்வளவு நேரமும் செரியாத்தானே சொல்லிச்சு?"

அவள் விரல் திரும்பவும் விழுந்தது. பீப் கேட்கவில்லை. மரியதீபம் என்று முழுதாக எழுதி நின்றது.

எல்லோரும் கரைக்கு ஓடினோம். கடல் வெறுமையாக இருந்தது. புதிதாக ஒரு வள்ளமும் வரவில்லை. பெண்கள் முன்னைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தார்கள். "எந்தச் சாத்தானக் கொண்டு வச்சானோ இவன்" என்று ஒருத்தி என்மேல் மணலை அள்ளி எறிந்தாள். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும்போல எனக்கு ஆத்திரம். பிலோமினா மட்டும் அழவில்லை. "ஏதோ ஒரு கரையில ஏறியாச்சு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போய் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போன் வந்தது. தேங்காப்பட்டினத்தில் ஒரு பூத்திலிருந்து அவள் மாப்பிள்ளைதான் பேசினான். எஞ்சின் நின்றுபோய் காற்று தெற்கே தள்ளிவிட்டது, வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு நேரே பூத்துக்கு ஓடி வந்தேன், எல்லாருக்கும் உயிர் உண்டு என்றான். அவன் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"நான் அறிஞ்சேன்" என்றாள் பிலோமினா. "ஏதாவது தின்னியளா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எல்லோரும் போன பிறகு நான் அந்தப் பெட்டியோடு தனியாக இருந்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துக் கிடந்தது, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகக் கோபமும் வந்தது. ஏதாவது காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று ராயப்பன் பெயரில் ஒரு வெறும் ஃபைல் உண்டாக்கி டேப் அடித்தேன். வந்தது. பிலோமினா பெயரில் ஒன்று. வந்தது. கடைசியாக என் பெயரில் ஒன்று உண்டாக்கினேன்.

பீப்.

அழித்துவிட்டுத் திரும்ப உண்டாக்கினேன். பீப். பட்டியலில் என் பெயர் இருக்கிறது, டேப்புக்கு வரவில்லை. நான் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவன் இல்லை. பெட்டியை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை, பிறகு அவர்கள் கூப்பிட்டபோதும் போகவில்லை.

போன வருடம் கன்னியாகுமரியில் படகில் போகலாம் என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றிவிட்டு நான் கரையில் நின்றுகொண்டேன். நிற்பது கரையில்தானா என்று சந்தேகம் வந்தது. குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தேன்.