தொங்கிய வயரும் என் வயிற்றெரிச்சலும்

போன ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று காலை நடந்தது இது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. என்னோடு வேலை பார்க்கிறவள் கல்யாணமாகி சென்னையிலிருந்து இங்கே வந்தவள். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மேனேஜர் வாயில் எப்போதும் அவள் பெயர்தான். போதாக்குறைக்கு என்னை "அக்கா, அக்கா" என்பாள். ரெண்டு வயசு மூத்தவளுக்கு என்னடி அக்கா!

அன்று பார்த்து சர்வர் படுத்திவிட்டது. ஒரு நிமிஷம் தொடர்பு கிடைக்கும், அடுத்த நிமிஷம் போய்விடும். பில் போட முடியவில்லை. சர்வரை அணைத்துப் போட்டேன், அதன் வயரை மாற்றினேன், செட்டிங் எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ம்ஹூம். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "அங்கிட்டு சரக்கு ஏத்துன லாரி நிக்குது. ஒங்களால ஆகலைன்னா சர்வர் பொறுப்ப அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துருவோங்க" என்றார்.

பூஜைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் அப்போதுதான் வந்து இறங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், 'கடவுளே, இவளுக்கும் இது பிடிபடக் கூடாது' என்றுதான் வேண்டிக்கொண்டேன். லாரி அங்கேயே கிடந்தாலும் சரி!

நான் என்னென்ன பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டாள். சர்வரைத் தொடவே இல்லை. எல்லா கம்ப்யூட்டர் வயரும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் போனாள். அதில் விளக்கெல்லாம் வெறி பிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"பூஜைக்கு இதையும் கழட்டித் தொடச்சீங்களாக்கா?"

துடைக்காமலா? சந்தனம், குங்குமமெல்லாம் வைத்தோமே! அவள் ஒவ்வொரு வயராக விரலால் பிடித்துக்கொண்டே போனாள். ஒரு வயரின் இரண்டு முனையும் அதே பெட்டியில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான், துடைத்துவிட்டு மாட்டும்போது, சும்மா தொங்கிய முனை பார்க்க நன்றாயில்லை என்று அதிலேயே சொருகிவிட்டிருக்கிறார். கம்ப்யூட்டர்கள் அனுப்புகிற தகவலெல்லாம் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, சர்வருக்குப் போகிற பாதையை அடைத்துவிட்டது. அந்த முனையைப் பிடுங்கினாள், எல்லாம் ஓட ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "யாரும்மா கண்டுபுடிச்சது?"

"அக்காதான் சார். சர்வர்ல கோளாறு இல்லன்னு எல்லாத்தையும் பாத்து வச்சிருந்தாங்க. அதனாலதான் நான் நேரா வயரைப் பாத்தேன்" என்றாள்.

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு லாரியைக் கிளப்பப் போய்விட்டார். சர்வர் பொறுப்பு இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊருக்கே தண்டோரா போட்டிருப்பேன். அவள் கெட்டிக்காரத்தனத்தையாவது ராப்பகலாகப் படித்து எட்டிப் பிடித்துவிடலாம். அந்த மனசுக்கு நான் எங்கே போவேன்?