தம்பி பொண்டாட்டி ஆராய்ச்சி படிக்கப் போன கதை

என் தம்பி பொண்டாட்டிக்கு நான் வச்ச பேரு சந்தேகம். வெளியில மழை பெய்யுதான்னு கேட்டா, ஜன்னல் வழியா கையை நீட்டிப் பார்த்துட்டு, "இங்க பெய்யுதுக்கா, தெருவுல பெய்யுதான்னு தெரியல"ன்னு சொல்ற ஜென்மம் அது. பால் பொங்கிச்சான்னு கேட்டா பொங்கின மாதிரி இருந்துச்சும்பா. கல்யாணமாகி வந்த புதுசுல எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஏண்டா, பொண்ணு பார்க்கப் போனப்பவாவது இவ உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னாளா?"ன்னு தம்பியைக் கேட்டேன். "பிடிக்கும்போலத் தோணுதுன்னு சொன்னா"ன்னான். அதுக்கே மயங்கிட்டான் மடையன்.

நான் பொம்பளைங்களுக்கு முடி வெட்டற கடை வச்சிருக்கேன். கீழே கடை, மாடியில வீடு. வீட்ல நாங்க மூணு பேருதான். தம்பி லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். இவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ரெக்கார்டு ரூம்ல வேலை. நோயாளிங்க விவரமெல்லாம் அங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். ரெண்டு பேருக்கு ஒரே பேரும் ஒரே பிறந்த வருஷமும் அமைஞ்சுட்டா போதும், அந்த ப்ரோகிராம் ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு முடிவு கட்டி ஃபைலைச் சேர்த்து வச்சுடும். அதைக் கண்டுபிடிச்சுப் பிரிக்கறதுதான் இவ பொழப்பு. சந்தேகப்படறதுக்குச் சம்பளம் கொடுக்கற ஒரே இடம் உலகத்துல அதுவாத்தான் இருக்கும், கரெக்டா அங்க போய் உட்கார்ந்திருக்கா.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தவ சாப்பிடவே இல்ல. தட்டைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தா. கேட்டுக் கேட்டு வாங்கினேன். வார்டுல ஒரு அம்மாவுக்கு ஒரு ஊசி ஒத்துக்காது. அந்த அம்மா ஃபைல் வேற யாரோ ஒருத்தங்க ஃபைலோட கலந்து போய், ஊசி போடலாம்னு காட்டியிருக்கு. நர்ஸ் ஊசியைக் கையில எடுத்தாச்சு. இவ மாடிப்படியில விழுந்தடிச்சு ஓடிப்போய் நிறுத்தியிருக்கா. அப்புறம் அந்த ப்ரோகிராம் செஞ்சவங்களுக்கு போன் போட்டு, "சந்தேகமா இருந்தா சந்தேகம்னு சொல்ற மாதிரி இதை மாத்த முடியாதா?"ன்னு கேட்டிருக்கா. பெரும்பாலும் சரியாத்தானே இருக்கு, அது போதும்னு போனை வச்சுட்டாங்களாம்.

"மிச்சப் பேரு மனுஷங்க இல்லையாக்கா?"ன்னா. அப்புறம் தயங்கித் தயங்கி, "நான் மேல படிக்கட்டுமா?"ன்னா.

கல்யாணத்துக்கு முன்னாடியே அவ கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி முடிச்சவ. மேல படிக்கறதுல ரெண்டு வகையாம். ஒண்ணு, கிளாஸ்ல உட்கார்ந்து பாடம் கேட்டு, பரீட்சை எழுதி, பட்டத்தை வாங்கிட்டு வந்துடலாம். இன்னொண்ணு ஆராய்ச்சி. அதுக்கு யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை நாமளே கொண்டு போகணும். அதைப் படிச்சுட்டு யாராவது ஒரு பேராசிரியர் "வா, என்கிட்ட பண்ணு"ன்னு சொல்லணும். அப்படி யாரும் சொல்லலைன்னா எவ்வளவு மார்க் இருந்தாலும் சீட் கிடையாது. இவளுக்கு அந்த ரெண்டாவதுதான் வேணுமாம்.

"விடை தெரியாத கேள்விதானே? உன்கிட்ட மூட்டை மூட்டையா இருக்கே, போடு அப்ளிகேஷனை"ன்னேன்.

சிரிக்கல அவ. "நாற்பதாகப் போகுதுக்கா. இந்தத் தடவை யாரும் கூப்பிடலைன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்"னா. அவ எதையும் இப்படி அடிச்சுச் சொல்லி நான் கேட்டதில்ல.

முதல்ல பேராசிரியர்களுக்கு மெயில் போடணும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆளைப் புகழாம காரியம் ஆகுமா? "தங்கள் அறிவுக் கடலில் ஒரு துளியாவது" அப்படி இப்படின்னு நான் சொல்லச் சொல்ல அவ டைப் பண்ணினா. நாலா பக்கமும் அனுப்பினோம். ஒரு ஈ காக்கா பதில் போடல. அப்புறம் அவளே எனக்குத் தெரியாம ஒரு பேராசிரியர் அம்மாவுக்கு எழுதியிருக்கா. "உங்க கட்டுரையில இந்த இடம் எனக்குப் புரியல. புரியலைன்னு நான் நினைக்கறது சரியான்னும் தெரியல." இதுதான் மெயிலு! அதுக்கு வந்துச்சு பாருங்க பதில்: "அந்த இடம் எனக்கே திருப்தி இல்லை. விண்ணப்பம் போடுங்க, நேர்முகத்துல பேசுவோம்." அதோட என் அறிவுக் கடலை மூட்டை கட்டி வச்சுட்டேன்.

ஆராய்ச்சி பண்ணப் போற விஷயத்தை விளக்கி எழுதிக் கொடுக்கணுமே, அதைக் கடையில உட்கார்ந்துதான் எழுதினா. மத்தியானம் ஆள் வராத நேரத்துல, முடி வெட்டற நாற்காலியில ஏறி, லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, நடுநடுவுல கண்ணாடியில தன் மூஞ்சியையே முறைச்சுப் பார்ப்பா. படிச்சுக் காட்டச் சொன்னேன். வரிக்கு வரி 'ஒருவேளை'. "இதுல இருக்கற ஒருவேளையை எல்லாம் எடுத்துட்டா முற்றுப்புள்ளிதாண்டி மிஞ்சும்"னேன். ஒண்ணே ஒண்ணை எடுத்தா, ரொம்ப யோசிச்சு.

நேர்முகத்துக்கு முன்னாடி வீட்ல ஒத்திகை. தம்பி தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு பேராசிரியரா உட்கார்ந்தான். "கம்ப்யூட்டர் ஏன் சூடாகுது?"ன்னு கேட்டான், பெரிய மேதாவி. "எந்தக் கம்ப்யூட்டர்?"னா இவ. எனக்கு வந்ததே கோபம். "இங்க பாரு, என் கடைக்கு வர்றவங்க இந்த வெட்டு எனக்கு எடுக்குமான்னு கேட்டா, தெரியலம்மான்னு சொல்வேனா நான்? எடுக்குமாவா, தூக்கி நிறுத்தும்பேன்! என்ன கேட்டாலும் அசராம பதில் சொல்லு. தெரியாதுங்கற வார்த்தை மட்டும் வாயில வரவே கூடாது." சரிக்கான்னு தலையை ஆட்டினா. அதையே நாலு நாள் உருப்போட வச்சேன்.

நேர்முகம் வீடியோவுல. வெளிச்சமும் இன்டர்நெட்டும் கடையிலதான் நல்லாயிருக்கும்னு கடையைச் சாத்திட்டு அங்கேயே உட்கார வச்சோம். தலை அலசற இடத்துல திரைக்குப் பின்னாடி நான் மூச்சுக் காட்டாம நின்னேன். ஆரம்பத்துல எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பேராசிரியர் அம்மா கேட்டாங்க, "நீங்க பிரிச்ச ஃபைலை எல்லாம் சரியாத்தான் பிரிச்சீங்கன்னு எப்படி உறுதி செஞ்சீங்க?"

"அதுக்கு நாங்க ஒரு முழுமையான சரிபார்ப்பு முறை வச்சிருக்கோம் மேடம்"னு இவ கணீர்னு ஆரம்பிச்சா. பல கட்டமாம், பல மட்டமாம், ஆறு மாதிரி ஓடுது பேச்சு. அப்படிப் போடு என் தங்கம்னு எனக்கு விசிலடிக்காத குறை. திடீர்னு பேச்சு நின்னுபோச்சு.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இப்ப சொன்னது பொய். அப்படி எந்த முறையும் கிடையாது. தெரியாதுன்னு சொல்லக் கூடாதுன்னு வீட்ல சொல்லி உட்கார வச்சாங்க."

அங்கிருந்த தொட்டியிலேயே தலையை விட்டுக்கலாம் போல இருந்துச்சு எனக்கு. பாவி, என்னையும் சேர்த்துல்ல காட்டிக் கொடுத்துட்டா!

"பாதிக்குப் பாதி எனக்குத் தெரியாது மேடம். அப்ப வார்டுக்குப் போய் நோயாளிங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்பேன். போன தடவை உங்க கூட யார் வந்தாங்கன்னு. மாத்திரை பேரை மறந்துடுவாங்க, தேதியை மறந்துடுவாங்க, கூட வந்தவங்களை மறக்க மாட்டாங்க. கூட வந்தவங்க கையெழுத்து பழைய தாள்ல இருக்கும், அதோட ஒத்துப் பார்ப்பேன். ஒரு பெரியவர், என் வீட்டுக்காரி வந்தா, இப்ப அவ இல்லைன்னு சொன்னார். ப்ரோகிராம் அந்தக் கையெழுத்தைப் பார்க்கறதே இல்ல மேடம்."

"அத்தனை நோயாளிங்க பக்கத்துலயும் உட்கார முடியாதே. சரி, தனியா வந்தவங்களை என்ன பண்ணுவீங்க?"

இவ யோசிச்சா, யோசிச்சா, யோசிச்சுக்கிட்டே இருந்தா. "தெரியல மேடம்."

"சரி. தெரிவிக்கிறோம்." அவ்வளவுதான், லேப்டாப் இருட்டாயிடுச்சு.

திரையை விலக்கிட்டு வந்து பிடிபிடின்னு பிடிச்சேன். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? உன் வாய்ல யாரு வந்து உட்கார்ந்தது? தானா வந்த சீட்டை எட்டி உதைச்சுட்டியே!" அவ நிமிர்ந்து பார்த்தா. கண்ணு கலங்கியிருக்கு, குரல் கலங்கல. "அக்கா, இது ஒண்ணு எனக்கு நிச்சயமாத் தெரியும். பொய் சொல்லிட்டு நான் உள்ள போனா, இத்தனை நாள் அந்த ப்ரோகிராமை நான் திட்டினதுக்கு அர்த்தமே இல்ல." லேப்டாப்பை மூடிட்டு விறுவிறுன்னு மாடிக்குப் போயிட்டா.

அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல தம்பிதான் தபால்காரன். "அக்கா, டீ வேணுமான்னு கேட்கச் சொல்றா." "வேண்டாம்னு சொல்லு." "வேண்டாமாம்." அவ அங்கேயேதான் நிக்கறா, நானும் இங்கேயேதான் நிக்கறேன். அவன், "நான் போய் ஏதாவது லிஃப்ட்ல மாட்டிக்கறேன், அங்க நிம்மதியா இருக்கும்"னு கிளம்பிடுவான். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அவ மேல கோபமே இல்ல. பயம். அவ ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த போனை எடுத்துப் பார்த்துட்டு வைக்கறான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்க்கறதைக்கூட விட்டுட்டா.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் அம்மாவுக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்தேன். இவ படி இறங்கி வந்து நின்னா.

"அக்கா, மெயில் வந்திருக்கு. சேர்த்துக்கிட்டாங்கன்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா? கொண்டாடி இப்படி!" போனைப் பிடுங்கினேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு ஒரு எழுத்தும் தெரியல. சாயம் போட்ட அம்மாவே தலையைத் திருப்பி எட்டிப் பார்த்து வாசிச்சாங்க. சீட் உறுதின்னு இருந்துச்சு. கீழே பேராசிரியர் அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாங்க: "தனியா வந்தவங்களை என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்."

கத்திக்கிட்டே அவளைக் கட்டிப் பிடிச்சேன், கையுறையைக் கழட்டத் தோணல. அவ வெளிர் மஞ்சள் சட்டை முதுகுல என் பத்து விரலும் கன்னங்கரேல்னு பதிஞ்சிடுச்சு. "போகுமான்னு தெரியல"ன்னா. அந்த அம்மா தலையும் அன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாவே கறுத்துப்போச்சு.

சேரப் போற அன்னிக்கு, "நீங்களும் வாங்கக்கா"ன்னா. கடையில கூட்டம் அள்ளற நாள். பூட்டிட்டுப் போனேன். பல்கலைக்கழக வாசல்ல பார்த்தா எல்லாம் பச்சைப் பிள்ளைங்க, பெத்தவங்க கையில பை, தண்ணி பாட்டில். இவ நடை தளர்ந்துக்கிட்டே வருது. "எல்லாரும் என்னை என்ன நினைப்பாங்கக்கா?"ன்னா. "பேசாம வா"ன்னேன்.

காவல்காரர் எங்க ரெண்டு பேரையும் பார்த்தார். "அம்மா, கூட வந்தவங்க எல்லாம் அதோ அந்த மரத்தடியில உட்காருங்க. படிக்கற பிள்ளை மட்டும் உள்ள போகணும்"னார்.

இவ என்ன பண்ணினா தெரியுமா? தலையைக் குனிஞ்சுக்கிட்டு மரத்தடிப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டா. ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அவர் முன்னால நிறுத்தினேன்.

"இதோ இவதாங்க படிக்கற பிள்ளை. கூட வந்தவ நான்"னேன்.

அவர் வழி விட்டார். அவ ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டு உள்ள போனா. நான் மரத்தடியில போய், பெத்தவங்களோட பெத்தவளா உட்கார்ந்தேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணு என்ன சேர்ந்திருக்கு?"ன்னு கேட்டாங்க.

"ஆராய்ச்சிங்க"ன்னு சொன்னேன். சொல்லும்போதே அழுதுட்டேன்.