ஈசிஜி தாளில் ரம்பப் பற்கள்

ஏழாயிரம்பண்ணையில் பிறந்து மதுரையில் நர்சுப் படிப்பு முடித்த வீரலட்சுமி, விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். 1964 ஐப்பசியில் அங்கே ஈசிஜி மிஷின் வந்து இறங்கியது. அதை இயக்கும் வேலை அவளுடையது. கையிலும் காலிலும் வயரை மாட்டினால் இதயத்தில் எழும் துளி மின்சாரத்தை மிஷினுக்குள் இருக்கும் கண்ணாடி வால்வுகள் பெருக்கிக் கொடுக்கும். சூடான ஊசி அதைத் தாளில் கோடாக இழுக்கும்.

மாசியில் கோடு கெட்டது. அதன் மேல் ரம்பம் போலப் பற்கள் முளைத்தன. மல்லாங்கிணற்றிலிருந்து நெஞ்சுவலியோடு வந்த, வெள்ளாமை பார்க்கும் சம்சாரி பெத்தணனுக்கும் அப்படித்தான் வந்தது.

“பயத்துல நடுங்குதாரு, அதான் கோடு இப்படி. இதுல ஒண்ணும் தெரியல, வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வரட்டும்,” என்றார் டாக்டர் சண்முகவேல்.

“நான் எங்க தாயி நடுங்குனேன்? கட்ட மாதிரில்ல கெடந்தேன்,” என்று பெத்தணன் அவளிடம் முணுமுணுத்தார்.

அவர் சொன்னது உண்மை. அவள் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். “சாயந்தரம் வரைக்கும் இங்கனயே இருக்கட்டும் சார்,” என்று கேட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துப் பற்களை எண்ணினாள். ஒரு பெரிய கட்டத்துக்குப் பத்து. அடுத்ததிலும் பத்து. விநாடிக்கு ஐந்து கட்டம் ஓடும் தாள் அது, அப்படியானால் ஐம்பது. எந்த மனுஷன் விநாடிக்கு ஐம்பது தடவை, ஒன்றுகூடப் பிசகாமல் நடுங்குவான்?

கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் முத்துராமலிங்கம் அன்று ஆஸ்பத்திரி மோட்டாரைப் பார்க்க வந்திருந்தார்.

“அண்ணாச்சி, விநாடிக்கு அம்பது தடவ ஆடுறது எது?”

“நம்ம லைன் கரெண்டுதான். சுவத்து வயர்ல இருந்து மிஷின்ல ஏறுது போல. எர்த்து சரியா இருந்தா மண்ணுக்குள்ள எறங்கிருக்குமே.”

“ஐப்பசியில ஏன் ஏறல?”

வீரலட்சுமி பழைய தாள்களைத் தேதி பார்த்து மேசையில் பரப்பினாள். மழை நாட்களில் கோடு சுத்தம். தை பாதியில் லேசான பிசிறு. மாசியில் ரம்பம்.

இருவரும் பின்கட்டுக்குப் போய் மண்ணில் இறக்கிய எர்த்துக் குழாயைப் பார்த்தார்கள். கரிசல் மண் காய்ந்து வெடித்து, குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது.

“மண்ணு தொடவே இல்லயே, கரெண்டு எப்படி எறங்கும்?” என்றாள்.

முத்துராமலிங்கம் குழியைத் தோண்டி, ஈரத்தைப் பிடித்துவைக்க அடுப்புக்கரியும் உப்பும் போட்டார். அவள் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு பெத்தணனை மறுபடி படுக்கவைத்தாள்.

கோடு மயிரிழை போல ஓடியது. டாக்டர் தாளை ஜன்னல் பக்கம் பிடித்தார். பற்களுக்குள் மறைந்துகிடந்த மேடு தெரிந்தது. இதயத்தின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை.

“இவர அனுப்பியிருக்கக் கூடாது. நல்ல வேல செஞ்சீங்க சிஸ்டர்,” என்றார் மெதுவாக.

மூன்று வாரப் படுக்கைக்குப் பிறகு பெத்தணன் தன் காலாலேயே நடந்து பஸ் ஏறினார்.

பிறகொரு நாள் ஈசிஜி மிஷினைச் சுத்தம் பண்ணத் திறந்தபோது முத்துராமலிங்கம் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், அதைச் சேர்த்துவைத்துத் திருப்பி விடும் கண்டன்சர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் வண்ண வளையங்களை ஒரே வாரத்தில் வாசிக்கப் பழகிவிட்டாள்.

ஒரு மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் தனக்கே வயர்களை மாட்டிக்கொண்டாள். மூச்சை இழுக்கையில் துடிப்புகள் நெருங்கின, விடுகையில் விலகின. அது ஏன் என்று கேட்கத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். அவர் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஈசிஜி பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை உருவி அவளிடம் நீட்டினார்.