மஞ்சள் துணியில் முடிந்து வைத்த குரல்

என் மனைவியின் குரலைப் பெருமாளுக்குக் கொடுத்தவன் நான். அவளைக் கேட்காமல் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் பட்ட பயத்தை எழுதி வைத்துவிட்டால் நெஞ்சில் கொஞ்சம் பாரம் குறையும் என்று தோன்றுகிறது. நான் எட்டாவது வரைக்கும் தெலுங்கு ஸ்கூலில் படித்தவன். தமிழ் எழுத்து பஜனைக் கோயிலில் கற்றுக்கொண்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் மாந்தோப்பு, கடலை போடுகிற நிலம், ரெண்டு மாடு. சனிக்கிழமை சாயங்காலமானால் பஜனைக் கோயிலில் சேர்ந்து பாடுவோம். நான் டோலக் அடிப்பேன். அவள் பாடுவாள். பாடுவது மட்டுமில்லை, பாட்டு கட்டுவாள். களை எடுத்துக்கினே இருப்பாள், திடீரென்று நிமிர்ந்து, "மாமா, இத்தக் கேளு," என்பாள். என் அக்கா மகள் அவள். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் ஆகியும் நான் மாமாதான்.

எங்கள் பஜனைக் கோயிலில் ஒரு வழக்கம். புரட்டாசி முதல் சனிக்கிழமை புதுப் பாட்டு ஒன்று சாமிக்குப் போட வேண்டும். கட்டினவர் வாயாலேயே அது முதலில் சாமி காதில் விழ வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் எடுத்துப் பாடலாம். கட்டினவர் பாடாத பாட்டைக் கோயிலுக்குள் யாரும் வாயால் எடுக்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்த மூணாவது வருஷத்திலிருந்து அந்தப் பாட்டு அவளுடையது. ஒரு வருஷம் தவறினதில்லை.

தவறியிருக்க வேண்டியது ஒரு தடவை, அதுவும் என்னால். பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துபோனது. புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக்கொண்டு வந்தேன். புரட்டாசிக்கு இன்னும் பத்து நாள்தான். "டோலக் இல்லாம இன்னா பண்ணப் போற?" என்றேன். அவள் கட்டைத் தட்டிப் பார்த்தாள். "எடது கை நல்லாத்தானே கீது. ஒரு கையாலயே அடி. அதுக்கு ஏத்தா மாதிரி கட்டறேன்." அப்படியே கட்டினாள். ரெண்டு அடிக்கு நடுவில் நிறைய இடம் விட்டு, ஆற அமர நடக்கிற பாட்டு. ஊரில் இன்னும் அதைக் கட்டுக்கை பாட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

போன மாசி மாசம் தாலிக் கயிறு மாற்றும்போது அவள் கழுத்தில் என் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சின்ன எலுமிச்சங்காய் அளவு. வலியில்லை. புத்தூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, கட்டியை எடுத்து அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. ஜாக்கிரதையாகத்தான் எடுப்போம். சில பேருக்குக் குரல் கம்மும், பெரும்பாலும் திரும்பி வரும். எல்லாருக்கும் வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

"பாட்டு?" என்று கேட்டாள் இவள்.

"பாடுவீங்களா? அதான் உங்க வேலையா?"

"அதான் வேலை. கடலை போடறது, மாடு கறக்கறது எல்லாம் சும்மா பொழுது போறதுக்கு."

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்ட கட்டி என்ற வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது.

பங்குனியில் ஆபரேஷன். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்த ஜன்னலில் மலை தெரியும். வெயிலில் மலை பளிச்சென்று இருந்தது. பெருமாள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரே, இப்போது கேட்காமல் எப்போது கேட்பது என்று தோன்றியது. அவள் கைப்பையில் மஞ்சள் பொட்டலம் எப்போதும் இருக்கும். என் கைக்குட்டையைக் குழாயில் நனைத்து, மஞ்சளைத் தேய்த்து, ஒரு ரூபாய்க் காசை மூலையில் வைத்து முடிந்தேன். வேண்டிக்கொண்டு முடிகிற முடிச்சை, கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுத்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது விளையாட்டில்லை.

"ஏழுமலையானே, எதாச்சும் எடுத்துக்கணும்னா குரலை எடுத்துக்கோ. ஆளை எங்கிட்ட விட்டுடு."

சொன்னபடியே சொல்கிறேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சாயங்காலம் கண் விழித்தாள். தண்ணி என்று கேட்டாள் என்று நினைக்கிறேன். உதடு தண்ணி என்றது. வந்தது சத்தமில்லை, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று. நான் டம்ளரை எடுத்தேன். அவள் உதட்டை நனைத்தேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கெட்ட கட்டி இல்லை. அக்கா சந்தோஷத்தில் அழுதாள். ஊருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். எனக்கோ அந்த நல்ல ரிப்போர்ட்தான் பயத்தைக் கொடுத்தது. ஆளை விட்டுவிட்டார். குரலை எடுத்துக்கொண்டார். கேட்டது கேட்டபடி நடந்துவிட்டது. முடிச்சை அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அந்த நாளிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்தது. அவள் கை தட்டிக் கூப்பிடுவாள், நான் திரும்புவேன். மாடுகூட அவளை ஒரு மாதிரி பார்த்தது. ஆனால் பாட்டை விடவில்லை. கடலை புடைக்கும்போது உதடு அசையும். விரல் முறத்தில் தாளம் போடும். ஒரு இடத்தில் நிற்கும், தலையை ஆட்டி அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். புரட்டாசிப் பாட்டு கட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் உதடு அசைத்தால் அதுவும் குரலில் சேருமா, சேராதா? இப்படியெல்லாம் யோசித்தேன். யாரைக் கேட்பது?

ஆனி மாசம் ஒரு காலையில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு செடிக்குள் ஓடியது. "ஏய்" என்று ஒரு அதட்டல் கேட்டது. கரகரப்புதான், ஆனால் சத்தம். கன்றை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"மாமா, கேட்டியா? வந்துச்சி பாரு. மாமான்னு சொல்றது கேக்குதா?"

கேட்டது. கொடுத்த பொருள் திரும்பி வருகிறது என்றால், அதற்குப் பதிலாக வாங்கினது என்ன ஆகும்? அவளுடைய கழுத்தைத்தான் பார்த்தேன். தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன்.

"இன்னா பேயைப் பாத்தா மாதிரி பாக்கற?"

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "நீ மயக்கத்துல இருந்தப்ப டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க. ஒரு வருஷம் பாடவே கூடாதாம். தொண்டையை அலட்டுனா கட்டி திரும்பி வருமாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. போய்க் கன்றைப் பிடித்துக் கட்டினாள். அதற்கப்புறம் முறத்தில் விரல் தட்டுவதும் நின்றுவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பாவம் வரும். ஆனால் இருந்தது.

ஆடியில் திருப்பதிக்குச் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். பேசச் சொன்னார். இவள் காற்றாகவே பேசினாள்.

"ஏம்மா இப்படி ஒளிச்சி ஒளிச்சிப் பேசறீங்க? பாடுவேன்னு சொன்னீங்களே, பாடறீங்களா?"

"நீங்கதானே கூடாதுன்னு சொன்னீங்களாம்."

"நானா? பாடண்டி அம்மா, ரோஜூ பாடண்டி. தினமும் கொஞ்சம் பாடுங்க. சும்மா வெச்சிருந்தா எப்படி வரும்?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே வந்தோம். அதே ஜன்னல் பக்கம் என்னை நிறுத்தினாள். மலை தெரிந்தது.

"எதுக்கு மாமா பொய் சொன்ன?"

சட்டைப் பையிலிருந்து முடிச்சை எடுத்தேன். செக்கப் என்றதும் பயத்தில் கையோடு கொண்டுவந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் குரல்தான் போயிருந்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். முடிச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்த? உன் தொண்டையா அது?"

"எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"ஏன் தோணல? உன் டோலக்க குடுக்கறது. உன் முடிய குடுக்கறது." என் தலையைப் பார்த்தாள். "அதுவும் இல்ல. சரி, மீசைய குடுத்திருக்கலாமே."

"கிண்டல் பண்ணாதமே. பயத்துல பேசிட்டேன். இப்ப திருப்பிக் கேட்டா உனக்கு எதாச்சும் ஆயிடுமோன்னு இருக்குது."

அவள் முடிச்சோடு மலைப் பக்கம் கையைக் காட்டினாள். "திருப்பி யார் கேக்கறது? நீ குடுத்துட்ட, அவரு வாங்கிக்கினாரு. அப்ப அது அவரு பொருள். அவரு பொருளைப் பூட்டி வெச்சது யாரு? நீதான். பெருமாளுக்குப் பூ குடுக்கறேன்னு சொல்லிட்டு, கூடையிலயே மூடி வெப்பாங்களா? குரலைக் குடுக்கறதுன்னா பாடறதுதான் மாமா. வேற எப்படிக் குடுப்ப?"

இத்தனை மாசம் இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லையே என்று இருந்தது. ஆனால் பயம் போனதா என்றால், போகவில்லை. அவள் சொன்னது நியாயம்தான், அதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

மேலே போக அன்றைக்கு நேரமில்லை. ஆட்டோ பிடித்து அலிபிரிக்குப் போனோம், மலைப் படி ஆரம்பிக்கிற இடத்துக்கு. முதல் படியில் கற்பூரம் ஏற்றினாள். முடிச்சை அவளே அவிழ்த்தாள். முடிந்தவன்தான் அவிழ்க்க வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். "குடுக்கறது நான். நான்தான் அவுக்கணும்," என்றாள். காசை உண்டியலில் போட்டாள். கும்பிட்டுக்கொண்டும் ஏறிக்கொண்டும் ஜனங்கள் கோவிந்தா சொல்லிப் போய்க்கொண்டிருக்க, அந்த முதல் படிக்குப் பக்கத்தில் நின்று ரெண்டு வரி பாடினாள். முறத்தில் கட்டி வைத்திருந்த பாட்டு.

*ஏழு மலை ஏறி வந்தேன் மூச்சு வாங்குது*
*எதுக்கு வந்தேன் சொல்லப் போனா பேச்சு தேங்குது*

கரகரவென்று, பழைய குரலில் பாதிகூட இல்லை. பக்கத்தில் நின்றிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எதையும் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தினமும் காலையில் மாட்டுக் கொட்டகையில் பாடினாள். ஒரு நாள் வரும், ஒரு நாள் ஒன்றுமே வராது. வராத நாளில் எனக்குக் குரலைப் பற்றிக் கவலை, வருகிற நாளில் கழுத்தைப் பற்றிக் கவலை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. எங்கள் பஜனைக்குத் தாளம் போடுகிற பெரியப்பா முன்னாலேயே வந்து சொன்னார். "இந்த வருஷம் பழசு ஒண்ணு பாடிக்கலாம்மா. சாமி கோச்சிக்காது."

"சாமி கோச்சிக்காது பெரீப்பா. நான் கோச்சிக்குவேன்."

மைக் வேண்டாம் என்றுவிட்டாள். ஆர்மோனியத்தில் சுருதியை இறக்கச் சொன்னாள். இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று கை காட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஒரு கையால அடி."

"கட்டு இல்லையே இப்ப."

"எனக்குத்தான் கட்டு. கட்டுக்கை பாட்டு நடையிலதான் கட்டியிருக்கறேன். நடுவுல மூச்சு எடுக்க எடம் வேணும்."

வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையை டோலக்கில் வைத்தேன். முதல் வரி பாடினாள். மணலில் காலை இழுத்து நடக்கிற மாதிரி வந்தது, ஆனால் வந்தது. ரெண்டாவது வரியில் பேச்சு என்கிற இடத்தில் சத்தம் அறுந்தது. வாய் திறந்திருக்க, காற்று மட்டும் வந்தது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கூடச் சேர்ந்து எடுத்துக்கொடுக்க எல்லாருக்கும் மனசுதான். ஆனால் கட்டினவள் முழுசாகப் பாடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. பெரியப்பா தாளத்தைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

தண்ணி குடித்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி அறுந்தது. அவள் கழுத்தில் அந்தத் தழும்பு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஸ்கேன் தை மாசம். அதில் என்ன வரும் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். போதும்மே, விட்டுடு என்று சொல்ல வாய் வரை வந்தது. முன்னே ஒரு தடவை அவளுக்குப் பதிலாக நான் பேசினது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். இன்னும் மெதுவாக என்று கண்ணால் சொன்னாள். மூணாவது தடவைக்கு மூச்சு இழுத்தாள். நான் இடது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திருந்தேன்.