இருபத்தாறாவது தொப்பி

'விசில்' என்ற பேரை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது என் ஓரகத்தியின் மகள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து, "விசில் ஊதினப்பவே நின்னிருந்தா விழுந்திருக்க மாட்டேனாம். விசிலே சொல்லிட்டாங்க" என்றாள்.

"யாருடி அது விசில்?"

"நம்ம சித்திதான். கிளப்புல அவங்க பேரு அதான்."

ஓரகத்தியின் கூடப்பிறந்த தங்கை அவள். அப்போதே ஒன்பது வருஷமாக ஆலயத்தின் வாலிபர் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தாள். வாலிபர் என்று பேர்தான், வருவதெல்லாம் பத்து வயதிலிருந்து பதினைந்துக்குள். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம், கால் ஆடும் பிங்பாங் மேஜை, மூலையில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், இவ்வளவுதான் சொத்து. கூடமாட ஒத்தாசைக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். சம்பளமில்லாத வேலை. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தி வீட்டுக்கு நாத்தனார் வந்துவிட்டாள் என்று சனிக்கிழமை மத்தியானம் போன் வரும். சும்மா வந்து செய்கிறவர்களை அதட்டவும் முடியாது. அதனால் விசில் எல்லாவற்றையும் தன் தலையிலேயே இழுத்துப் போட்டுக்கொள்வாள். மற்ற நாளில் அவளுக்கு லாண்டரியில் துணிகளுக்கு நம்பர் கட்டுகிற வேலை. "ஆயிரம் சட்டை வந்தாலும் என் கையில ஒண்ணு மாறினதில்ல" என்பாள். அந்தப் பெருமை கொஞ்சம் ஜாஸ்திதான்.

ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்தவள் ஒருத்திதான். பழைய துணி பிரித்துத் தைக்கும் கடை வைத்திருந்தவள். கல்யாணமாகவில்லை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, உயரம் மட்டும் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் அவளை அரைப்படி என்றார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "துணி மிச்சம்டா எனக்கு, உங்களுக்குத்தான் ரெண்டு மீட்டர் தண்டம்" என்று திருப்பிக் கொடுப்பாள். வாரம் முழுக்கத் தனிக்கட்டையாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தச் சனிக்கிழமைதான் உயிர்.

அந்த வருஷம் பிள்ளைகளை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். இருபத்தாறு பிள்ளைகள், எல்லார் தலையிலும் நீலத் தொப்பி. யாருக்கு என்ன வேலை என்று விசிலே தாளில் எழுதினாள். எண்ணிக்கை பார்ப்பது அரைப்படி. ஆனால் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் வேறு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் எண்ண எழுந்த அரைப்படியை விசில், "நீ உக்காரு, உன் எண்ணிக்கை முடியறதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று உட்கார வைத்துவிட்டுத் தானே தொப்பிகளைத் தொட்டுக்கொண்டு போனாள். பின் சீட்டில் ஒரு தலை குனிந்து கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு தட்டு தட்டினாள். இருபத்தாறு. "போலாம்ணே."

ஆலய வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். இரண்டாவது வாரமாகத்தான் கிளப்புக்கு வந்த ஒரு பெண் பிள்ளை இறங்கவில்லை. அவள் அப்பா பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, "எங்க என் பொண்ணு?" என்றார். அப்போது அரைப்படி தன் தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றினாள். அவள் உட்கார்ந்ததும் மிச்சமிருந்த தொப்பி ஒன்றைப் பிள்ளைகள் விளையாட்டாக மாட்டிவிட்டது. பின் சீட்டில் குனிந்து ஒரு பையனுடைய செருப்பைத் தேடியது அவள்தான்.

பூங்காவின் கழிப்பறையில் தாழ்ப்பாள் சிக்கி அந்தப் பெண் இரண்டு மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறாள். காவல்காரர்தான் கேட்டுத் திறந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போயிருந்தன.

மறுநாள் ஆராதனை முடிந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். போதகர் தாளைப் பார்த்தார். "எண்ணிக்கை பார்த்தது நீங்களாம்மா?" என்று அரைப்படியைக் கேட்டார்.

அரைப்படி விசிலைத் திரும்பிப் பார்த்தாள். விசில் மேஜையைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக நடத்திய கிளப் கையை விட்டுப்போய்விடும் என்ற பயம். வாய் வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டாள்.

"தாள்ல அப்படித்தான் இருக்குங்க ஐயா" என்றாள் அரைப்படி.

"கொஞ்ச நாள் ஓய்வா இருங்கம்மா" என்றார் போதகர். அவ்வளவுதான் பேச்சு. அரைப்படி நாற்காலியைத் தூக்கி மூலையில் அடுக்கிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு விசிலுக்குச் சோறு இறங்கவில்லை. லாண்டரியில் ஒரே மூட்டையை மூன்று தடவை எண்ணினாள். அரைப்படியின் கடை இருந்த தெருவை விட்டுச் சுற்றிப் போனாள். இரண்டு மாசம் சுற்றியவள், ஒரு நாள் பாவாடை ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

"இடுப்புப் பிடிக்குதா?" என்று கேட்டாள் அரைப்படி, வாயில் ஊசிகளோடு.

"மனசு பிடிக்குது. அன்னைக்கு நான்தான் எண்ணினேன்னு நீ ஏன் சொல்லல?"

அரைப்படி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்க்கா."

"தப்புதான். மன்னிச்சிரு."

"எங்கிட்ட சொல்லி என்னக்கா ஆகப்போகுது? எனக்குத் தெரியாத விஷயமா இது? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. பாவாடைய ஒரு இஞ்சு பிரிச்சு வைக்கிறேன், செவ்வாக்கிழமை வாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. 'விடிஞ்சிரும்' என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அந்தப் பெண்ணின் அப்பா கடைசி வரிசையில் இருந்தார். "அவ இன்னும் தாழ் போட மாட்டேங்கிறா. அவங்கம்மா வெளியில காவல் நிக்கிறா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று விசில் பிற்பாடு தன் அக்காவான என் ஓரகத்தியிடம் சொல்லி அழுதாள்.

கிளப் சாவியை அன்றைக்கே போதகர் வாங்கிக்கொண்டார். அரைப்படியை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டார். விசிலும் இரண்டு தடவை போனாள். "பழக்கம் விட்டுப்போச்சுக்கா. இப்ப சனிக்கிழமையும் தைக்கிறேன், கைவேலை நிறைய" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வரவேயில்லை. கிளப்பை இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா நடத்துகிறார்.

விசிலுக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. லாண்டரி வேலையை விட்டாயிற்று. மகள் வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே விளையாடும் பிள்ளைகளை ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பாள்.